எஸ்ஏபி திரையில் புலத்தின் பெயர்: அவர்களுடையதா, நம்முடையதா?

நிறுவனங்கள் கணக்கு, கொள்முதல் போன்ற வேலைகளுக்கு வைத்திருக்கும் எஸ்ஏபி மென்பொருளில் நாமே ஒரு திரை எழுதும்போது, சப்ளையர் எண்ணுக்கு 'லிஃப்னர்' என்ற எஸ்ஏபியின் புலத்தையே (தகவல் நிரப்பும் கட்டம்) எடுத்துக்கொள்ளலாம். அல்லது 'சப்ளையர் ஐடி' என்று நமக்குப் புரிகிற பெயரில் புதிதாக ஒன்றை உருவாக்கலாம்.

புதுப் பெயர் படிக்கச் சுலபம், வேலைக்குப் புதிதாக வந்தவருக்கும் உடனே விளங்கும். அதன் நன்மை அதோடு சரி. லிஃப்னரின் டேட்டா எலிமென்ட்டை (புலம் எப்படி இருக்க வேண்டும் என்று எஸ்ஏபி வைத்திருக்கும் வரையறை) வைத்தால் லேபிள், அதன் மொழிபெயர்ப்புகள், எஃப்4 விசையை அழுத்தினால் வரும் தேடல் எல்லாம் கூடவே வரும். முக்கியமாக, பயனர் 1234 என்று அடித்தால் 0000001234 என்று 10 இடத்துக்கு நிரப்பிக்கொள்ளும். வெறும் எழுத்துப் புலமாக வைத்தால் 1234 அப்படியே போய், சப்ளையர்களின் அடிப்படை விவரங்கள் உள்ள மாஸ்டர் டேபிளில் தேடும். பதிவு இருந்தும் 'இல்லை' என்று வரும். எஸ்ஏபியின் புதிய தலைமுறையான எஸ்/4ஹானாவில் பொருள் எண் 18 எழுத்திலிருந்து 40 ஆனபோதும், அதற்கான 'மேட்னர்' எலிமென்ட்டில் அமைந்த புலங்கள் தாமாக நீண்டன. 18 என்று கையால் எழுதியவற்றைத் தேடித் தேடித் திருத்த வேண்டியிருந்தது.

அதனால் புலத்தில் வரப்போவது சப்ளையர் எண்ணேதான் என்றால் என் ஓட்டு லிஃப்னருக்கு. ஆனால் லாரி எண் மாதிரி வேறொன்றை அதில் திணிக்கவே கூடாது. அடுத்து ரிப்போர்ட் எழுதுபவர் பெயரை நம்பி சப்ளையர் மாஸ்டரோடு இணைத்துவிடுவார். அங்கே நம் சொந்தப் பெயர்தான் நேர்மையானது. அப்புறம், எஸ்ஏபியின் டேபிளிலேயே புலம் சேர்ப்பதென்றால் பெயர் இசட்இசட் அல்லது ஒய்ஒய் என்று தொடங்கட்டும். பின்னால் அப்கிரேடில் அவர்கள் கொண்டுவரும் புலத்தோடு மோதாது.