ஒன்பது ஆண்டுகளாக ஒரே ஜிசி: ரிசல்ட் எங்கெல்லாம் தடம் மாறியது

மருந்து மூலப்பொருட்களில் தங்கிவிடும் கரைப்பான்களை ஜிசியில், அதாவது கலவையை ஆவியாக்கிப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமடோகிராஃப் கருவியில், அளப்பது என் வேலை. எஃப்ஐடி (வெளிவருவதைச் சுடரில் எரித்து அளக்கும் டிடெக்டர்), ஹெட்ஸ்பேஸ் (சாம்பிளைச் சூடாக்கி மேலே எழும் ஆவியை மட்டும் எடுப்பது), 30 மீட்டர் நீள 624 வகை கேப்பிலரி (கலவை பிரிந்து வரும் மெல்லிய குழாய்) என்று ஒரே ஜிசியோடு ஒன்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. கருவி நிஜமாகவே பழுதானது இரண்டு முறைதான். மற்றபடி ரிசல்ட் கெட்டபோதெல்லாம் நாங்கள் வைத்த செட்டிங்தான் காரணம்.

ஆவியை கேப்பிலரி வழியே தள்ளிச் செல்லும் வாயு ஹீலியம்; அதன் விலை ஏறியபோது நைட்ரஜனுக்கு மாறினோம். வாயுவின் வேகத்தை மட்டும் பழையபடி நொடிக்கு 30 செ.மீ. என்றே விட்டுவிட்டோம். அசிட்டோநைட்ரைலும் டைகுளோரோமீத்தேனும் இந்த கேப்பிலரியில் எப்போதுமே நெருங்கி வரும் ஜோடி. அவற்றின் பீக்குகள் (வரைபடத்தில் ஒவ்வொரு பொருளும் காட்டும் மேடு) தோள் ஒட்டி நின்றன. மருந்தில் முன்னதற்கு அனுமதித்த வரம்பு 410 பிபிஎம் (பத்து லட்சத்தில் 410 பங்கு), பின்னதற்கு 600. பீக் ஒட்டினால் எந்த எண்ணை நம்புவது? கேப்பிலரி தேய்ந்துவிட்டது என்று புதிதாக வாங்கிப் போட்டும் அதே கதை. நைட்ரஜன் நன்றாகப் பிரிப்பது நொடிக்கு 12 செ.மீ. வாக்கில்தான், அதைத் தாண்டினால் பீக் வேகமாக அகலமாகும். ஹீலியமும் ஹைட்ரஜனும் வேகம் கூடினாலும் அவ்வளவு கெடாது. 15-க்கு இறக்கியதும் ஜோடி பிரிந்தது. ரன் நேரம் நீண்டதுதான் அதற்குக் கொடுத்த விலை. என்னைக் கேட்டால் அது நியாயமான விலை.

நேரடி இஞ்செக்‌ஷனில் வேறு தலைவலி. மெத்தனாலில் கரைத்த சாம்பிளைத் திரவமாகவே ஊசியால் 2 மைக்ரோலிட்டர் போட்டால் பீக் பரப்பு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வரும். 250 டிகிரி இன்லெட்டில் (சாம்பிள் உள்ளே போய் ஆவியாகும் இடம்), 10 பிஎஸ்ஐ அழுத்தத்தில், 1 மைக்ரோலிட்டர் மெத்தனாலே ஏறத்தாழ 0.6 மில்லிலிட்டர் ஆவியாகிவிடும். இன்லெட்டுக்குள் இருக்கும் கண்ணாடிக் குழாயான எங்கள் லைனரின் கொள்ளளவு 0.9 மில்லிலிட்டர்; இரண்டு போட்டால் வழிந்து கேஸ் லைனுக்குள்ளேயே போகும். பாதியாகக் குறைத்தோம், அடங்கியது. தண்ணீரில் கரைத்த சாம்பிள் என்றால் இன்னும் மோசம்: 1 மைக்ரோலிட்டரே நிரம்பி வழியும்.

செப்டம் (ஊசி குத்தி நுழையும் ரப்பர் மூடி) பற்றி ஒரு வரி போதும்: சும்மா பிளாங்க் (சாம்பிள் இல்லாத ரன்) ஓட்டும்போதே பீக் தெரிந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

மே மாதம் எங்களை ரொம்ப நாள் குழப்பியது. மெத்தனால் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னால் வரும்; அதற்கு வெகு நேரம் கழித்து வெளிவரும் டொலுயீனில் பெரிய மாற்றம் தெரியாது. கேப்பிலரி இருக்கும் அடுப்பு (ஓவன்) ஒவ்வொரு ரன்னையும் 40 டிகிரியில் தொடங்க வேண்டும். அறை 32-ஐத் தொட்டால் கடைசிச் சில டிகிரிகள் இறங்க இழுத்துக்கொண்டே போகும். திரையில் 40 காட்டினாலும் உள்ளே கேப்பிலரி இன்னும் முழுதாக ஆறியிருக்காது. ஈக்விலிப்ரேஷன் நேரத்தை (வெப்பநிலை நிலைபெறக் காத்திருக்கும் நேரம்) அரை நிமிடத்திலிருந்து மூன்று நிமிடமாக்கினேன். அதன் பிறகு வந்த கோடைகளில் மெத்தனால் அசையவில்லை.