ஆம்ப்ரோலியம் 20 சதவீதத் தூள்: மருந்து நன்று, உடன் விற்ற டானிக்தான் தவறு

கணியம்பாடிக்கு அருகே 140 நாட்டுக்கோழிக் குஞ்சுகளை ஆழ்கூள முறையில் வளர்த்துவரும் நான், கடந்த ஐப்பசி மழையின்போதுதான் இந்தத் தூளை முதன்முதலாகப் பயன்படுத்தினேன். நான்கு வாரக் குஞ்சுகள் சிறகைத் தொங்கவிட்டு ஒடுங்கி நின்றன. கூளமாகப் பரப்பியிருந்த கடலைத்தோலில் இரத்தம் கலந்த எச்சம் கிடந்தது. இறந்த குஞ்சு ஒன்றைக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் சென்றபோது, மருத்துவர் அதை அறுத்து, குருட்டுக்குடல்கள் இரண்டும் இரத்தம் கட்டிப் புடைத்திருந்ததைக் காட்டி, ஐமீரியா என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணியால் வரும் இரத்தக் கழிச்சல் என்று உறுதிசெய்தார். எங்கள் பக்கத்தில் கோழி கழிந்தாலே வெள்ளைக் கழிச்சல் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்; அது வைரஸால் வருவது, அதற்கு இந்தத் தூளால் பயனில்லை.

மருத்துவர் எழுதித் தந்த அளவு, லிட்டர் தண்ணீருக்கு 1.2 கிராம் வீதம் ஐந்து நாள், பிறகு 0.3 கிராம் வீதம் பத்து நாள். என் குஞ்சுகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 லிட்டர் குடித்ததால், 100 கிராம் பொட்டலம் ஒன்றே போதுமானதாக இருந்தது. நோயுற்ற குஞ்சு தீவனத்தைத் தொடாவிட்டாலும் தண்ணீர் குடிக்கும் என்பதால், தீவனத்தில் கலப்பதைவிட இம்முறையே பொருத்தமானது. ஆனால் பொட்டலத்தில் அளவுக் கரண்டி இல்லை. அளவு விவரமோ பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. வீட்டில் எடை பார்க்கும் சிறு தராசு இருந்ததால் நான் தப்பித்தேன்.

என் முதன்மையான குறை மருந்தின் மீதன்று, அதை விற்ற கடையின் மீதுதான். குஞ்சுகள் சோர்ந்திருப்பதைச் சொன்னதும், கடைக்காரர் பி காம்ப்ளெக்ஸ் டானிக் ஒன்றையும் சேர்த்துத் தந்து, இரண்டையும் ஒரே தண்ணீரில் கலக்கச் சொன்னார். ஆம்ப்ரோலியம் வேலை செய்யும் விதமே தயமின் எனப்படும் வைட்டமின் பி1 போல நடித்து, ஒட்டுண்ணிக்கு அந்த வைட்டமின் கிடைக்கவிடாமல் தடுப்பதுதான். அதே வைட்டமினை நாமே ஊற்றிக் கொடுத்தால் மருந்தின் வலிமை குறைந்துவிடும். முதல் நாள் இரண்டையும் கலந்து கொடுத்துவிட்டு, மாலையில் மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்ட பிறகே டானிக்கை நிறுத்தினேன். அதை மருந்து முடிந்தபின் கொடுத்திருந்தால் பயன் இருந்திருக்கும்.

டானிக்கை நிறுத்திய மூன்றாம் நாள் எச்சத்தில் இரத்தம் நின்றது. மொத்தம் 11 குஞ்சுகள் இறந்தன. அவற்றுள் ஒன்பது, முதலிரண்டு நாட்களுக்குள் போனவை. ஒட்டுண்ணி குடலில் பெருகத் தொடங்கும் கட்டத்தில்தான் இம்மருந்து நன்கு பிடிக்கிறது என்பதால், இரத்தம் வெளிப்படும்வரை காத்திருந்தவனுக்கு அந்த இழப்பு நேர்ந்ததில் வியப்பில்லை. தண்ணீர்த் தட்டுகளைச் சுற்றி நனைந்திருந்த கூளத்தையும் அன்றே வாரிவிட்டு, காய்ந்த கடலைத்தோலைப் பரப்பினேன். எச்சத்தில் வெளியேறும் நுண்முட்டைகள் ஈரக் கூளத்தில் இரண்டு நாளில் தொற்றும் நிலையை அடைந்துவிடும். அவற்றை இந்தத் தூள் கொல்லாது, நாம் தெளிக்கும் சாதாரண ஃபினைலும் கொல்லாது.

கன்றுகளுக்கும் ஆட்டுக்குட்டிகளுக்கும் இதே மருந்தைக் கொடுப்பதுண்டு. ஆனால் அவற்றுக்கு உடல் எடையைக் கணக்கிட்டு மருத்துவரே அளவு சொல்ல வேண்டும். அளவு மிஞ்சி நாட்கணக்கில் கொடுத்தால் தயமின் குறைந்து, மூளை பாதிக்கப்பட்டுப் பார்வை மங்கித் தள்ளாடும் நிலை வரக்கூடும்.

மீண்டும் தேவைப்பட்டால் இந்தத் தூளையே வாங்குவேன், வேறு கடையில். பொட்டலத்தை மறுபடி மூடும் வசதி இல்லாததால், மீந்த 10 கிராம் அந்த மழை ஈரத்தில் கட்டிதட்டிப் போனது; அதைக் குஞ்சுகளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.