கொல்லைக் குட்டை ஷீட்டை ஊற்றுநீர் தூக்காமல் இருக்க: பல மழைக்காலம் பார்த்த அனுபவம்

டெல்டாவில் கொல்லையில் குட்டை வெட்டி பிளாஸ்டிக் ஷீட் விரிக்க நினைக்கிறவர்கள், மீனையும் தாமரையையும் பற்றி யோசிப்பதற்கு முன்னால் ஐப்பசியில் தங்கள் கிணற்றை எட்டிப் பாருங்கள். மன்னார்குடிப் பக்கம் எங்கள் கிணற்றில் அப்போது குனிந்து சொம்பால் மொண்டுவிடலாம். வேலிக்கு அந்தப் பக்கம் சம்பா வயல். மேட்டூர் திறந்து பாமணியாற்றில் தண்ணீர் வந்து வாய்க்கால் ஓட ஆரம்பித்ததுமே ஊற்று ஏறத் தொடங்கிவிடும். அதற்கு மேல் வடகிழக்குப் பருவமழை வேறு.

எங்கள் குட்டை நாலடி ஆழம். பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் அதே 500 மைக்ரான் ஹெச்டிபிஇ ஷீட்தான். முதல் மழைக்காலத்தில் வண்டல் எடுக்க வந்த ஆட்கள் பாதித் தண்ணீரை இறைத்தார்கள். மறுநாள் காலையில் நடுப்பகுதி பூரி மாதிரி உப்பி நின்றது, தாமரைத் தொட்டிகள் சாய்ந்து கிடந்தன. உப்பிய இடத்தைக் கையால் அழுத்தினால் அடியில் தண்ணீர் நகர்வது உள்ளங்கைக்குத் தெரிந்தது.

காரணம் எளிது. வெளியே ஊற்று மட்டம் குட்டைத் தண்ணீரைவிட ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால், ஷீட்டின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 10 கிலோ அளவுக்கு மேலே தள்ளும். 30 சென்டிமீட்டர் என்றால் 300 கிலோ. ஹெச்டிபிஇ தண்ணீரைவிட லேசானது, தானாகவே மிதக்கும் பொருள். ஆக, ஷீட்டை அழுத்திப் பிடிப்பது குட்டைக்குள் இருக்கும் தண்ணீர் மட்டுமே.

கல் பரப்பச் சொல்பவர்கள் நிறைய. தண்ணீருக்குள் கருங்கல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். அந்த 300 கிலோவை ஈடுகட்ட அடிப்பரப்பு முழுக்க, இடைவெளியே இல்லாமல் அடுக்கினாலும், ஏழு அங்குல கனத்துக்குக் கல் வேண்டும். ஷீட் கிழியாமல் அதை யார் அடுக்குவது? கல் வேலைக்கு ஆகாது என்பதே என் முடிவு.

வேலைக்கு ஆனது கரை. சுற்றிலும் களிமண்ணை மிதித்து ஒன்றரை அடி உயர்த்தி, ஷீட்டை அதன் மேல் வரை கொண்டுபோய்ப் புதைத்தோம். இப்போது குட்டையின் நீர்மட்டம் தரைக்கு மேலே நிற்கிறது. வெள்ளம் சூழ்ந்தாலொழிய ஊற்று தரையைத் தாண்டாது. மின்சாரமே தேவைப்படாத ஏற்பாடு இது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இந்தப் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். பம்பை மட்டும் நம்பி டெல்டாவில் குட்டை வைக்கக் கூடாது.

இரண்டாவது காவல், குட்டை அடியைவிட ஆழமாக ஓர் ஓரத்தில் இறக்கிய சிமெண்ட் உறை, கிணற்றுக்கு இறக்கும் அதே வளையம். ஷீட்டுக்கு அடியில் தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி, அதற்குக் கீழே முக்கால் அங்குல ஜல்லிக்குள் துளை போட்ட பிவிசி பைப், அது உறைக்குள் வந்து முடியும். உறைக்குள், தண்ணீர் ஏறினால் தானாகவே ஓடவைக்கும் ஃப்ளோட் சுவிட்சோடு ஒரு சின்ன சப்மெர்சிபிள் பம்ப். அந்தத் தண்ணீரைக் குட்டைக்குள்ளேயே விடுவதில் இரட்டை லாபம்: வெளிமட்டம் இறங்கும், உள்மட்டம் ஏறும். வயலுக்கு யூரியா போட்ட சமயத்தில் மட்டும் மீனுக்கு ஆகாது என்று வாய்க்காலில் விட்டுவிடுவோம். பைப்புக்குத் துணி சுற்றியும் நைஸ் வண்டல் வரத்தான் செய்கிறது. உறையை வருஷா வருஷம் வாராவிட்டால் சுவிட்ச் சேற்றில் சிக்கிக்கொள்ளும்.

மட்டம் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். மூங்கில் குச்சியில் சாக்பீஸ் தேய்த்து உறைக்குள் இறக்கினால், நனைந்த இடம் வரை கறுத்துக் காட்டும். கரை விளிம்பிலிருந்து உறைத் தண்ணீர் எவ்வளவு கீழே, குட்டைத் தண்ணீர் எவ்வளவு கீழே என்று ஒப்பிட்டால் போதும். மழை நாளில் வீட்டில் யாராவது ஒருவர் காலையில் இதைப் பார்த்துவிடுவோம்.

கோடையில் உப்பினால் அது வாயு. மண்ணில் விட்டுப்போன வேர், சருகு மக்குவதால் வருவது. அழுத்தினால் காற்றுக்குமிழ் வேறு பக்கம் ஓடும். அடித்துணியின் விளிம்பைக் கரை மேல் திறந்து வைத்திருப்பதால் எங்களுக்கு அது பெரிய தொல்லையாகவில்லை.

வண்டல் எடுப்பது இப்போது சித்திரை, வைகாசியில் மட்டும்தான், அதுவும் குச்சி இறக்கிப் பார்த்த பிறகு. ஏற்கெனவே ஷீட் தூக்கி நின்றால் ஊசியால்கூடக் குத்தாதீர்கள். குட்டைக்குள் தண்ணீர் விட்டுக்கொண்டே உறையிலிருந்து மெதுவாக இறைத்தால் தானாகப் படிந்துவிடும். மடிப்புகளைக் கோடையில் இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம்.