நெசவுக் கலைஞருக்கு எந்த ரெசிடென்சி? தறியை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ரெசிடென்சி என்பது கலைஞர் சில காலம் தங்கித் தன் வேலையைச் செய்ய இடம் தரும் ஏற்பாடு. ஓவியர் அங்கே போய் இறங்கிய மறுநாளே தூரிகையைத் தொட்டுவிடலாம். நெசவு செய்பவருக்கு அது நடக்காது. பாவு (நீளவாக்கு இழைகள்) ஓட்டி, அவற்றைத் தூக்கி இறக்கும் விழுதில் கோத்து, சீப்புப் போன்ற அச்சில் இழுத்து, விறைப்பு சரிபார்த்த பிறகுதான் முதல் ஊடை, அதாவது குறுக்கிழை. நம் ஊர்த் தறிகளில் பழைய பாவின் மிச்சத்தோடு புதுப் பாவை இழைக்கு இழை பிணைத்துவிடுவதால் கோக்கும் வேலை மிச்சம். ரெசிடென்சியில் பெரும்பாலும் காலித் தறியிலிருந்து தொடங்கவேண்டும். 60 செ.மீ. அகலம், செ.மீ.க்கு 10 இழை என்ற சுமாரான துணிக்கே 600 இழை. நிமிடத்துக்கு நாலு கோத்தாலும் விழுதுக்கு மட்டும் இரண்டரை மணி நேரம். நடுவில் ஓர் இழை மாறியது அரை அடி நெய்த பிறகு கண்ணில் பட்டால் அன்றைய பொழுது போச்சு. ஆகவே எத்தனை நாள், என்ன தறி, யார் செலவு என்று பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

முதலில் பலரும் கேள்விப்படுவது ஹேஸ்டாக். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் டீர் ஐல் தீவில், கடலை நோக்கிச் சரியும் பாறைமேல் மரக் கட்டடங்கள். 1950-ல் தொடங்கிய கைவினைப் பள்ளி. இதன் ஓபன் ஸ்டுடியோ ரெசிடென்சிக்குக் கட்டணம் கிடையாது. சுமார் 50 பேர், இரண்டு வாரம். துணிக்கூடத்திலிருந்து எழுந்து கொல்லுப் பட்டறைக்கோ மட்பாண்டக் கூடத்துக்கோ போய்வரலாம். உலோகக் கம்பியை ஊடையாகப் போட்டுப் பார்க்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல இடம் அரிது. ஆனால் இரண்டு வாரம் என்பது நெசவுக் கணக்கில் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். பாவை ஊரிலேயே ஓட்டி, சங்கிலியாகப் பின்னிப் பெட்டியில் கொண்டுபோனால் தப்பலாம். இல்லையென்றால் மரச்சட்டத்தில் இழை கட்டி நெய்யும் சிறிய சட்டத்தறியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

இதற்கு நேர் எதிர், வடமேற்கு ஐஸ்லாந்தின் பிளோன்டுவோஸ். 1912-ல் கட்டிய பழைய பெண்கள் பள்ளியில் ஐஸ்லாந்து ஜவுளி மையம் நடக்கிறது. குறைந்தது ஒரு மாதம். கட்டணம் நம் கையிலிருந்து. விமானச் செலவையும் சேர்த்தால் நம்மவர்களுக்கு மலைப்புத்தான். ஆனாலும் என் ஓட்டு இதற்கே. ஒரு மாதத்தில் முதல் பாவைப் பழக்கத்துக்கென்று விட்டுக்கொடுத்து, இரண்டாம் பாவில் வேலையைப் பிடிக்கலாம். அங்கே டிசி2 தறியும் உண்டு. நார்வேயில் செய்யும் கணினி ஜக்கார்டு, அதாவது பூவேலைத் தறி இது. பாவின் ஒவ்வோர் இழையும் தனித்தனியாக எழும். ஊடையை மட்டும் கையால் போடவேண்டும். பழைய ஜக்கார்டுபோல் வடிவத்துக்கு அட்டையில் துளை அடிக்க வேண்டாம், ஒரே பூவைத் திரும்பத் திரும்பக் கொண்டுவர வேண்டிய கட்டாயமும் இல்லை. பாவு முன்கூட்டியே ஏறியிருப்பதால் கோக்கும் வேலை இல்லை. அதற்கு விலையாக, இழையும் நெருக்கமும் அவர்கள் வைத்ததுதான்.

காலம் பார்த்துப் போகவேண்டும். டிசம்பர் கடைசியில் பகல் மூன்று மணி நேரம்தான். சாயம் போடுகிறவர் அந்த மாதத்தில் போய் விளக்கு வெளிச்சத்தில் நிறம் பார்த்தால் ஏமாந்துபோவார். ஜூனில் சூரியன் ஏறக்குறைய அடைவதே இல்லை. ஐஸ்லாந்துக்கும் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவில் 90 நாளுக்குமேல் தங்க முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மற்றவை வேறு ரகம். அமெரிக்காவில் வட கரோலினாவின் பென்லண்ட் கைவினைப் பள்ளியில் மூன்று வருட ரெசிடென்சி. குறைந்த வாடகையில் வீடும் பட்டறையும். 1923-ல் லூசி மார்கன் உள்ளூர்ப் பெண்களுக்குத் தறி கொடுத்துத் தொடங்கிய முயற்சியில் முளைத்த இடம் அது. குடும்பத்தையும் வேலையையும் விட்டு மூன்று வருடம் போகக்கூடியவர் பார்க்கலாம். கனெக்டிகட்டில் ஆல்பர்ஸ் அறக்கட்டளையின் ரெசிடென்சிக்கு ஆனி ஆல்பர்ஸின் பெயர்தான் நெசவாளரை இழுக்கிறது. 1949-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி கண்ட முதல் நெசவுக் கலைஞர் அவர். ஆனால் அது எல்லா வகைக் கலைஞருக்கும் பொது. தனிமையும் நேரமும் வேண்டுபவருக்கு ஏற்றது. பாவு ஏற்ற வேண்டியவருக்கு அல்ல.

குழிக்குள் கால்விட்டு நெய்யும் குழித்தறியில் கோர்வை (கரையையும் உடலையும் தனித்தனி ஊடையால் இணைப்பது) போட்டுப் பழகியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அங்கெல்லாம் நிற்பது பெஞ்சில் உட்கார்ந்து நெய்யும் தறி. மறுபக்கம் ஊடை இழை கொண்டுசெல்லும் நாடாவை வாங்கித் தர ஆளும் கிடையாது. விண்ணப்பிக்கும் முன் மின்னஞ்சலில் தறியின் அகலம், மிதிகளின் எண்ணிக்கை, அச்சின் எண் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவில் அச்சுக்கு அங்குலக் கணக்கு, ஐரோப்பாவில் 10 செ.மீ.க்கு இத்தனை பல் என்ற கணக்கு. பாவை ஊரில் ஓட்டும் முன்பே அது தெரிந்திருக்க வேண்டும்.