குன்னூரில் ஓர் ஓவியர் அமைத்துத் தரும் தோட்டம்

குன்னூரில் நெடுங்காலம் எண்ணெய் வண்ண ஓவியங்கள் வரைந்துவந்த ஒருவர், இப்போது தூரிகையை ஒதுக்கி வைத்துவிட்டு வீட்டுத் தோட்டங்களை வடிவமைத்துத் தருகிறார். மலைச்சரிவில் இருக்கும் எங்கள் தோட்டத்தை அவரிடம்தான் ஒப்படைத்தோம். மழையும் பனியும் ஒரு சுற்று வந்து போய்விட்டதால், அவருடைய வேலையைப் பற்றி இப்போது துணிந்து எழுதலாம்.

ஓவியர்கள் தோட்டக்கலைக்கு வருவது புதிதன்று. இங்கிலாந்தின் கெர்ட்ரூட் ஜீக்கல் 1861இல் லண்டனில் ஓவியப் பள்ளியில் சேர்ந்தவர். பார்வைக் குறைவால் பின்னாளில் தோட்டங்களின் பக்கம் திரும்பி, நீண்ட பாத்தியின் இரு முனைகளிலும் நீலமும் சாம்பலும், நடுவில் செம்மஞ்சளும் சிவப்பும் என நிறங்களைப் படிப்படியாக மாற்றி நட்டுக் காட்டினார். நம் ஓவியர் அந்த அம்மையாரின் பெயரை அடிக்கடி சொன்னாலும் அவருடைய முறையை அப்படியே இங்கே இறக்கிவைக்கவில்லை. குன்னூரில் பிற்பகலானால் மூடுபனி ஏறிவிடும், வெளிச்சம் மங்கும்போது முதலில் கறுத்து மறைவது சிவப்புதான் என்று விளக்கி, சிவப்புச் சால்வியாவை வாசற்படியை ஒட்டியும், வெள்ளைப் பூக்களை உடைய அல்லிகளைத் தொலைவில் ஓடையோரத்திலும் நடச் செய்தார். மாலையில் பள்ளத்தாக்கே தெரியாத நேரத்திலும் அந்த வெள்ளை மட்டும் தெரிகிறது. வேறு எந்த ஒப்பந்தக்காரருக்கும் இது தோன்றியிருக்காது.

குறை இருப்பது மண்ணில். தடுப்புச்சுவரை ஒட்டி நீல ஹைட்ரேஞ்சியா வரிசை ஒன்றைத் திட்டமிட்டிருந்தார். நீலகிரியின் புளிப்பு மண்ணில் அலுமினியம் எளிதாக வேருக்குக் கிடைப்பதால் அந்தப் பூ இயல்பாகவே நீலமாகப் பூக்கும். ஆனால் கொத்தனார் கல் இடுக்குகளைச் சிமென்ட் கொண்டு பூசி, மேலே சுண்ணாம்பும் அடித்துவிட்டார். மழையில் சுண்ணாம்புச் சத்து கரைந்து இறங்கி மண்ணின் புளிப்பைக் குறைத்ததும், சுவரோரச் செடிகள் வெளிறிய இளஞ்சிவப்பாகவும், ஓரடி தள்ளி இருந்தவை நீலமாகவும், இடைப்பட்டவை இரண்டும் கலந்த ஊதாவாகவும் பூத்தன. வண்ணங்களை அறிந்தவர் சுவர் வேலையையும் மேற்பார்வை செய்திருக்க வேண்டும். நீலம் திரும்பி வர, அலுமினியம் உள்ள படிகாரக் கரைசலை ஊற்றச் சொன்னார்; சுவர் அங்கேயே இருக்கும்வரை அது எவ்வளவு நாள் நிற்கும் என்பது ஐயமே. (வீட்டுக்கு வருபவர்கள் என்னவோ அந்த ஊதாவைத்தான் புகழ்கிறார்கள்.)

வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் பெறும் நீருக்குச் சுவரின் வடிதுளைகளும் போதவில்லை. அவற்றை நாங்களே கூட்டிக்கொண்டோம். கட்டணம் உள்ளூர் நர்சரிக்காரர்கள் கேட்பதைவிட அதிகம், ஆனால் வரைபடம், செடித் தேர்வு, முதல் ஆண்டுக் கவாத்து ஆகியவை அதில் அடங்கும். காட்டுமாடு புகுந்து மேய்ந்தால் மறுநடவு நம் செலவில்தான். சமதளத்தில் மனை வைத்திருப்பவர்கள் தயங்காமல் அவரை அழைக்கலாம். சரிவில் இருப்பவர்கள், சுவரும் வடிகாலும் யார் பொறுப்பு என்பதை எழுதி வாங்கிய பிறகு முன்பணம் கொடுப்பது நல்லது.