கிரிக்கெட்டை விட்டால் எங்கே? ஃபுட்டி, சாக்கர், ரக்பி: ஓர் அலசல்

ஆஸ்திரேலியாவில் கிரிக்கெட் ஆடும் ஒரு பெண் 25 வயதைத் தாண்டி வேறு ஆட்டத்துக்கு மாற நினைத்தால், அங்கே கால்பந்து என்ற பெயரில் இருப்பது ஒன்றல்ல: ஆஸ்திரேலிய ரூல்ஸ் எனும் ஃபுட்டி (முட்டை வடிவப் பந்தைக் கையாலும் காலாலும் ஆடுவது), உலகம் முழுக்க ஆடும் சாக்கர், ரக்பி. இதில் கிரிக்கெட் கைக்குச் சீக்கிரம் வசப்படுவது ஃபுட்டிதான். சாக்கர் சிறுவயதிலேயே காலில் ஏறியிருந்தால் தவிர வேண்டாம்.

ஜெஸ் டஃபினை (அப்போது ஜெஸ் கேமரன்) எடுத்துக்கொள்ளுங்கள். 2012-ல் கொழும்பில் டி20 உலகக் கோப்பை இறுதியில் 45 ரன், 2013-ல் மும்பையில் ஒருநாள் உலகக் கோப்பை இறுதியில் 75; இரண்டிலும் ஆட்ட நாயகி. ஃபுட்டியின் தேசிய லீகான மகளிர் ஏ.எஃப்.எல். 2017-ல் பிறந்தபோது காலிங்வுட் கிளப்புக்கு வந்தார், 2022-ல் ஹாதோர்ன் கிளப். கிரிக்கெட்டில் மெல்போர்ன் ஸ்டார்ஸுக்கு ஆடிய எம்மா கியர்னி 2018-ல் வெஸ்டர்ன் புல்டாக்ஸுடன் ஃபுட்டி கோப்பையை வென்றார்; அந்த ஆண்டு லீகின் சிறந்த வீராங்கனையும் அவரே. ஆனால் கியர்னி அதற்கு முன்பே விக்டோரியா லீகில் ஃபுட்டி ஆடியவர். 'கிரிக்கெட்டிலிருந்து நேரே வந்து சாதித்தார்' என்ற செய்திகளை அப்படியே நம்பக் கூடாது.

கூட வருவது என்ன? மைதானம் அதே ஓவல். உயரப் பந்து எங்கே இறங்கும் என்று கணிக்கும் கண்ணும் கூடவே வரும். ஆனால் பிடிக்கும் முறை வேறு. பவுண்டரியில் பந்துக்கு அடியில் நின்று, மார்பருகே வாங்கி, கையைப் பின்னிழுத்து அதிர்வைக் குறைப்போம். ஃபுட்டியில் அப்படிக் காத்திருந்தால் பின்னால் நிற்பவர் குத்தித் தட்டிவிடுவார். கையை முழுதும் நீட்டி, கட்டைவிரல்கள் பந்துக்குப் பின்னால் நெருங்கியிருக்க, உச்சத்திலேயே பற்ற வேண்டும். 15 மீட்டராவது பறந்து வந்த உதையைப் பற்றினால் 'மார்க்'. யாரும் தாக்காமல் உதைக்கும் உரிமை கிடைக்கும்.

உதைதான் நேரம் தின்னும். டிராப் பண்ட்டில் (கையிலிருந்து விட்டு, தரையில் படுமுன் உதைக்கும் முறை) பந்தை உதைக்கும் காலுக்கு நேர் மேலே, இடுப்பளவிலிருந்து, செங்குத்தாக விட வேண்டும். புதியவர்கள் நெஞ்சு உயரத்திலிருந்து விடுவார்கள். விழும் தூரத்தில் பந்து சாய்ந்து பக்கவாட்டில் பறக்கும். உடலுக்குக் குறுக்கே விட்டாலும் அதே கதை. முதலில் 15 மீட்டரில் நேராகப் போகட்டும், தூரம் பிறகு. கைப்பாஸில் ஒரு கை பந்தைத் தாங்கும் மேடை, மறு கையின் முஷ்டியால் அதைக் குத்தி அனுப்ப வேண்டும். எறிந்தால் ஃப்ரீ கிக் எதிரணிக்கு. கிரிக்கெட்காரர் அவசரத்தில் எறிந்துவிடுவது வழக்கம்.

சாக்கருக்கு எலிஸ் பெர்ரியைக் காட்டுவார்கள். 16 வயதில், 2007-ல், கிரிக்கெட், சாக்கர் இரண்டிலும் ஆஸ்திரேலியாவுக்கு அறிமுகம். 2011 உலகக் கோப்பைக் காலிறுதியில் ஸ்வீடனுக்கு எதிராக இடது காலால் தொலைவிலிருந்து கோல். அவர் மாறியவர் அல்ல, இரண்டையும் சேர்த்தே வளர்ந்தவர். முதல் தொடுதலிலேயே பந்தைக் காலில் அடக்குவது, தலை தூக்கிப் பார்த்தபடி ஓட்டுவது எல்லாம் பன்னிரண்டு வயதுக்குள் படிய வேண்டிய பழக்கம். கிரிக்கெட்டின் கைத்திறன் அங்கே கோல்கீப்பருக்கு மட்டுமே உதவும். அத்தனை திறமை இருந்த பெர்ரியும் கடைசியில் கிரிக்கெட்டையே தேர்ந்தெடுத்தார்.

ரக்பி செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி) வேகமாக ஓடுபவர்களுக்கு. ஏழு நிமிடப் பாதிகள், முன்னால் பாஸ் கிடையாது, ஒவ்வொரு முறையும் உடல் மோதல். ஆஸ்திரேலியப் பெண்கள் 2016 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஆட்டம். தேசிய அணிக்குப் போனால் ஆண்டு முழுவதும் அதுவே வேலை.

உடலில் முதலில் சிக்கலாவது முழங்கால். கிரிக்கெட் ஓட்டம் பெரும்பாலும் நேர்கோடு. ஃபுட்டியில் முழு வேகத்தில் திரும்பி, குதித்து ஒற்றைக்காலில் இறங்க வேண்டும். ஏ.சி.எல். எனும் முழங்கால் தசைநார் கிழிவது இங்கேதான். ஆகவே டேக்கிள் (எதிராளியைப் பிடித்து நிறுத்துவது) கற்கும் முன்பே இறங்கும் பயிற்சி: முழங்கால் உள்ளே மடியாமல், இடுப்பைத் தாழ்த்தி, இரு காலிலும், பிறகு ஒற்றைக்காலில். வேகப்பந்து வீச்சாளருக்கு இரு கால்களின் வலுவும் சமமாக இல்லாமல் இருக்கலாம். அதைச் சரிசெய்த பிறகே மோதலுக்கு அனுப்ப வேண்டும்.

இன்னொரு சிக்கல் நாட்காட்டி. 2017-ல் மகளிர் பிக் பாஷ் (டி20 கிரிக்கெட் லீக்) ஜனவரியில் முடிய, பிப்ரவரியில் மகளிர் ஏ.எஃப்.எல். தொடங்கியது, இரண்டையும் நெருக்கிப் பிடித்து ஆட முடிந்தது. இப்போது மகளிர் ஏ.எஃப்.எல். ஆகஸ்டில் தொடங்கி நவம்பர் வாக்கில் முடிகிறது, பிக் பாஷும் அதன் மேலேயே வந்து விழுகிறது. இரண்டு தொழில்முறை ஒப்பந்தம் இனி நடைமுறையில் ஆகாது. கிரிக்கெட்டை முழுதும் விட மனமில்லாதவர் ஜனவரி முதல் மார்ச் வரை கிளப் கிரிக்கெட் ஆடலாம். அதற்கான அனுமதியை ஃபுட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.