அம்பாசடருக்கு மேனிஃபோல்டு, கார்பரேட்டர் செட் தேடுறவங்க பணம் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

27,500 ரூபாய் போச்சு. நேத்து ராத்திரி தூக்கமே வரலை. கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடணும்னு உட்கார்ந்திருக்கேன். ஆறிட்டா, போகட்டும்னு நானே விட்டுடுவேன்.

அப்பாவோட வண்டி 1977 மார்க் 3 அம்பாசடர். 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், பெட்ரோலையும் காத்தையும் கலந்து கொடுக்கிற கார்பரேட்டர் எஸ்யூ கம்பெனியோடது. ஒரு வருஷமா ஐடிலிங் நிக்காம, சிக்னல்ல நின்னா அணைஞ்சிடும். எங்க மெக்கானிக் அண்ணன் பார்த்துட்டு, கார்பரேட்டர்ல த்ராட்டிலைத் திருப்புற கம்பி (த்ராட்டில் ஷாஃப்ட்) தேய்ஞ்சு அது வழியா காத்து இழுக்குது, அந்தக் கலவையை இன்ஜினுக்குள்ள கொண்டு போற குழாயான இன்டேக் மேனிஃபோல்டுல ஸ்டட்ங்கிற போல்ட் உட்கார்ற காதும் விரிசல் விட்டிருக்குன்னு சொன்னார். "ரெண்டையும் மாத்தணும்மா. நல்ல பொருளா கொண்டு வா, மாட்டித் தர்றேன்."

நல்ல பொருளுக்கு எங்கே போறது? கொல்கத்தா பக்கத்துல இருக்கிற உத்தரபாரா ஃபேக்டரியில அம்பாசடர் செய்றதையே 2014-ல நிறுத்திட்டாங்க. நான் ஏறி இறங்கின கடையில எல்லாம் கேஸ்கட், ரிப்பேர் கிட் வரைக்கும்தான் இருக்குன்னு கைவிரிச்சாங்க. அப்போதான் பழைய சாமான் வாங்கி விற்கிற ஒரு ஆப்ல அந்த விளம்பரம் கண்ணுல பட்டுது. "மேனிஃபோல்டு, எஸ்யூ கார்பரேட்டர், முழு செட். மாட்டாத பழைய ஸ்டாக்." நீலக் கட்டம் போட்ட பெட்ஷீட் மேல வச்சு எடுத்த அஞ்சு போட்டோ.

ஃபோன் பண்ணேன். அந்த ஆள் அவசரமே படலை, அதுலதான் விழுந்தேன். வீடியோ கால்ல வந்து துணியால துடைச்சு துடைச்சுக் காட்டினார், த்ராட்டிலைத் திருப்பிக் காட்டினார். "எங்கப்பா இருபது வருஷம் அம்பாசடர் டாக்ஸி ஓட்டினவர் சிஸ்டர், எனக்கு இதெல்லாம் சாமி மாதிரி"ன்னார். நானும் அப்பாவைப் பத்திச் சொன்னேன். எழுபத்தி நாலு வயசு, ஷெட்டுல நிக்கிற வண்டியை தினமும் காலையில போய்த் துடைச்சிட்டு வர்றார்னு எல்லாத்தையும் சொன்னேன். "அப்பா வண்டின்னு கேக்குறீங்க, உங்களைப் போய் ஏமாத்துவேனா?"ன்னார். 30,000 சொன்னதை எனக்காக 27,500-க்கு இறக்கினார். ஆப் வழியா கட்டினா கமிஷன் பிடிப்பாங்க, நேரா யுபிஐ-ல போட்டுடுங்கன்னார். முதல்ல 10,000, மறுநாள் 17,500 அனுப்பினேன்.

அனுப்புறதுக்கு முன்னாடி அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஆளைத் தெரியுமா பாப்பா?" நல்ல மனுஷன்பான்னு சொன்னேன்.

பார்சல் வந்துது, பார்க்கப் பளபளன்னு இருந்துது. அண்ணன் புது கேஸ்கட் போட்டு மாட்டினார். ஸ்டார்ட் ஆச்சு. ஆனா ஐடிலிங் ஏறுது, இறங்குது, ஒரு நிலையில நிக்கலை. ஆக்ஸிலரேட்டர் கொடுத்தா கார்பரேட்டர் வழியா பட் பட்டுன்னு வெடிக்குது. மேனிஃபோல்டு ஜாயின்ட் ஓரமா அண்ணன் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சதும் இன்ஜின் சத்தமே மாறிடுச்சு. "இங்க காத்து உள்ள போகுதும்மா. இப்படியே ஓட்டினா பெட்ரோல் பத்தாம சூடேறி எக்ஸாஸ்ட் வால்வு கருகிடும்"னு சொல்லி அப்பவே அணைச்சுட்டார்.

கழட்டி தின்னர்ல துடைச்சார். சில்வர் பெயின்ட் போச்சு, அடியில மெட்டல் பேஸ்ட். அதையும் சுரண்டினா விரிசல். எதை மாத்தணும்னு போனோமோ அதே காதுல, அதே மாதிரி விரிசல்! அதைவிடப் பெரிய திருட்டுத்தனம் ஃபிளேஞ்சுல, அதாவது இன்ஜினோட ஒட்டி உட்கார்ற தட்டையான விளிம்புல இருந்துது. இந்த இன்ஜின்ல இன்டேக் மேனிஃபோல்டும், புகை வெளியே போற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். பக்கத்து பக்கத்துல உட்கார்ற ரெண்டு ஃபிளேஞ்சையும் ஒரே ஸ்டட்டுல ஒரே தடி வாஷர்தான் சேர்த்து அழுத்தும். ரெண்டும் ஒரே தடிமன் இருக்கணும். வளைஞ்ச மேனிஃபோல்டை எவனோ நேராக்குறேன்னு தேய்ச்சுத் தள்ளியிருக்கான். இன்டேக் பக்கம் மெலிஞ்சு போனதால வாஷர் எக்ஸாஸ்டை மட்டும்தான் பிடிக்குது. நட்டை எவ்வளவு முறுக்கினாலும் இன்டேக் இறுகாது.

கார்பரேட்டர் கதை இன்னும் மோசம். எஸ்யூ கார்பரேட்டர் உள்ளேயே ஏறி இறங்குற ஒரு பிஸ்டன் உண்டு, அதைத் தூக்கி விட்டா 'டக்'னு தடையில்லாம விழணும். இது பாதியில நிக்குது. பிஸ்டனும் மேல் மூடியும் ஜோடி சேர்த்துச் செய்றது, ஒண்ணோடதை இன்னொண்ணுக்கு மாத்தக் கூடாதாம். இங்க வேற வேற கார்பரேட்டரோடதைச் சேர்த்து, நுழையலைன்னு எமரி ஷீட் போட்டுத் தேய்ச்சிருக்காங்க. மாட்டாத பழைய ஸ்டாக்காம்!

அந்த ஆளுக்கு ஃபோன் பண்ணேன். முதல் நாள், "செட்டிங் பிரச்சனை சிஸ்டர், உங்க மெக்கானிக்குக்கு எஸ்யூ தெரியலை." நாற்பது வருஷமா இந்த வண்டிகளையே பார்க்கிற மனுஷனைச் சொல்றான். ரெண்டாவது நாள், "கழட்டி மாட்டிட்டீங்க, இனி நான் பொறுப்பில்லை." விரிசல் போட்டோவை அனுப்பினேன். பார்சல்காரன் போட்டு உடைச்சிருப்பான்னு பதில். உடைச்சுட்டு அவனே பேஸ்ட் வச்சு பெயின்டும் அடிச்சானான்னு கேட்டேன். அதோட என் நம்பரை பிளாக் பண்ணிட்டான்.

ஆப்காரங்க அதுக்கு மேல. மூணு தடவை புகார் கொடுத்தேன். பணம் எங்க வழியா வராததால் உதவ இயலாதுன்னு மூணு தடவையும் ஒரே வரி. புகார் முடித்து வைக்கப்பட்டதுன்னு மெசேஜ் வேற. எனக்கு 27,500 முடியலையே! சைபர் மோசடி புகார் நம்பர் 1930-க்கு கூப்பிட்டுப் பதிவு பண்ணியிருக்கேன். அண்ணன் கூலியே வாங்க மாட்டேன்னுட்டார். பழைய கார்பரேட்டர் ஷாஃப்டுக்கு புஷ் (தேய்ஞ்ச இடைவெளியை அடைக்கிற வளையம்) போட்டு, பழைய மேனிஃபோல்டை வெல்டிங் வச்சுப் பார்க்கலாம்னு சொல்றார்.

என்னென்ன பார்த்து வாங்கணும்னு விவரமா எழுதத்தான் ஆரம்பிச்சேன், இப்போ பொறுமை இல்லை. ஆப்புக்கு வெளியே பணம் போடாதீங்க. ஃபிளேஞ்சுல ஸ்டீல் ஸ்கேலை வச்சு வெளிச்சத்துல காட்டச் சொல்லுங்க (வளைஞ்சிருந்தா இடுக்குல வெளிச்சம் தெரியும்), தடிமனை அளந்து காட்டச் சொல்லுங்க. கார்பரேட்டர் பிஸ்டன் விழுற வீடியோ சத்தத்தோட கேளுங்க. அலுமினிய மேனிஃபோல்டு மேல புதுசா சில்வர் பெயின்ட் இருந்தா வேணவே வேணாம்.

இன்னைக்குக் காலையில வேற பேர்ல ஒரு விளம்பரம் பார்த்தேன். 26,000 போட்டிருக்கு. அதே நீலக் கட்டம் பெட்ஷீட், அதே அஞ்சு போட்டோ. அந்தப் போட்டோவைக் காட்டி வித்த செட்டு எங்க வீட்டு ஷெட்டுல கிடக்குது. யாரும் வாங்கிடாதீங்க.